உப்பாத திரவ ஈஸ்ட் பாக்கெட்டை என்ன செய்வது?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சிகாகோ பக்கம் இருக்கிறீர்கள். இதுவரை உலர் ஈஸ்டைத் தூவியே வீட்டில் பியர் காய்ச்சியிருக்கிறீர்கள். இந்த முறை ஜெர்மன் கோதுமை பியரான ஹெஃபெவைசென் செய்ய ஆசைப்பட்டு, முதல் தடவையாகத் திரவ ஈஸ்ட் வாங்கினீர்கள். தட்டினால் உள்ளே இருக்கும் சிறு பை உடைந்து, பிறகு உப்பி வரும் வகைப் பாக்கெட். தட்டி ஆறு மணி நேரமாகியும் உப்பவில்லை. தேதியைப் பார்த்தால் தயாரித்து இரண்டரை மாதம். சனிக்கிழமை 19 லிட்டர் காய்ச்சப் போகிறீர்கள். இந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போடவா, அப்படியே ஊற்றவா, முன்கூட்டியே சிறிய அளவில் ஈஸ்டைப் பெருக்கும் ஸ்டார்ட்டர் செய்யவா என்பது முதல் கேள்வி. திரவ ஈஸ்ட் என்பதே வீண் செலவு என்று நண்பர் சொல்கிறாரே, உண்மையா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: பாக்கெட்டுக்குள் உயிரோடு எவ்வளவு இருக்கிறது, அதை வைத்து நல்ல பியர் வருமா?

நான் நுண்ணுயிரியல் படித்தவன். அமெரிக்காவில் ஒரு சிறு ப்ரூவரியின், அதாவது பியர் ஆலையின், ஆய்வகத்தில் பல வருடம் மைக்ராஸ்கோப்பில் ஈஸ்ட் செல்களை எண்ணுவதுதான் வேலையாக இருந்தது. வீட்டிலும் காய்ச்சுகிறேன். அந்த அனுபவத்தில் சுருக்கமான பதில்: தூக்கிப் போடாதீர்கள், அப்படியே ஊற்றவும் செய்யாதீர்கள். ஒரு லிட்டர் ஸ்டார்ட்டர் செய்யுங்கள். ஏன் என்பதுதான் முக்கியம். அது புரிந்துவிட்டால் அடுத்த தடவை யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

முதலில் உப்பாததைப் பற்றி. அந்தச் சிறு பைக்குள் இருப்பது ஈஸ்டுக்கான சத்துக் கரைசல். பை உடைந்ததும் ஈஸ்ட் அதைச் சாப்பிட்டுக் கார்பன் டைஆக்ஸைடு விடுகிறது, அதனால் பாக்கெட் உப்புகிறது. புதிதாக இருந்தால் சில மணி நேரத்தில் உப்பும். பழையதாக இருந்தால் ஒரு நாள்கூட ஆகலாம். சில சமயம் உள்பை உடையாமலே இருந்துவிடும், விரலால் தடவிப் பார்த்தால் தெரியும். உப்புவது உயிர் இருப்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். எவ்வளவு உயிர் இருக்கிறது என்று அது சொல்லாது. உப்பவில்லை என்பதற்காக எல்லாம் செத்துவிட்டது என்றும் ஆகாது. இது சந்தேகமில்லாத விஷயம்.

இனி எண்ணிக்கை. சற்று வெதுவெதுப்பில் நொதிக்கும் ஏல் வகைப் பியருக்கு (ஹெஃபெவைசெனும் ஏல்தான்) வழக்கமாகச் சொல்லும் அளவு, ஒரு மில்லி வோர்ட்டில், அதாவது இன்னும் நொதிக்காத மால்ட் சாற்றில், ஒவ்வொரு டிகிரி ப்ளேட்டோவுக்கும் (சாற்றின் சர்க்கரைச் சதவீதம்) 7.5 லட்சம் செல். குளிரில் நொதிக்கும் லாகருக்கு அதைப்போல் இரண்டு மடங்கு, 15 லட்சம். உங்கள் ஹெஃபெவைசென் 1.048 கிராவிட்டியில் (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) தொடங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஏறக்குறைய 12 டிகிரி ப்ளேட்டோ. 19,000 மில்லியைப் பெருக்கிப் பார்த்தால் 17,100 கோடி செல் வேண்டும். நீங்கள் வாங்கியது போன்ற பாக்கெட்டில் ஆலையிலிருந்து கிளம்பும்போது இருப்பது சுமார் 10,000 கோடி. அதாவது அன்று செய்து அன்றே வாங்கினாலும், புத்தகக் கணக்குப்படி ஒரு பாக்கெட் போதாது.

இரண்டரை மாதத்தில் அந்தப் பத்தாயிரம் கோடியில் எவ்வளவு மிஞ்சும்? இங்கேதான் உறுதியானதும் உறுதியில்லாததும் பிரிகின்றன. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் திரவ ஈஸ்ட் மெல்லச் சாகும் என்பது உறுதி. மாதத்துக்கு 20 சதவீதம் குறையும் என்று வீட்டில் காய்ச்சுபவர்கள் பலகாலமாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். இணையத்தில் உள்ள ஈஸ்ட் கணிப்பான்களும் அதையே பயன்படுத்துகின்றன. அதன்படி உங்களிடம் 57 சதவீதம், அதாவது 5,700 கோடி மிஞ்சியிருக்கும். ஆனால் இது தோராயமான விதி. ஈஸ்ட் வகைக்கு வகை இது மாறும். கூரியர் வண்டியில் வெயிலில் இரண்டு நாள் கிடந்த பாக்கெட்டும், கடை ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வராத பாக்கெட்டும் ஒரே தேதியைச் சுமந்துகொண்டு இருக்கும். மைக்ராஸ்கோப்பில் மெத்திலீன் நீலம் விட்டு எண்ணாமல் உங்கள் பாக்கெட்டில் இத்தனைதான் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. உயிருள்ள செல் அந்தச் சாயத்தை நிறமிழக்கச் செய்துவிடும், செத்தது நீலமாக நிற்கும். அந்த முறைகூட, சாவு அதிகமாக இருக்கும்போது அவ்வளவு துல்லியமில்லை. அதனால் கணிப்பான் காட்டும் தசம புள்ளிகளை நம்பி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நமக்குத் தேவைப்படுவது மூன்று மடங்குப் பெருக்கம், அது ஒரு சின்ன ஸ்டார்ட்டரில் கிடைத்துவிடும்.

ஸ்டார்ட்டர் என்பது பெரிய வித்தை இல்லை. தயிருக்கு உறை குறைவாக இருந்தால் முதலில் ஒரு கிண்ணத்தில் உறைய வைத்து, அதை எடுத்துப் பெரிய பாத்திரத்தில் ஊற்றுவோமே, அதே வேலைதான். 100 கிராம் வெளிர் நிற உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்டை (முளைகட்டிய தானியச் சாற்றின் பொடி) ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். கிராவிட்டி 1.036க்கும் 1.040க்கும் இடையில் வரும். அதற்கு மேல் கெட்டியாக்க வேண்டாம், தளர்ந்துபோன ஈஸ்டுக்குச் சர்க்கரை அழுத்தம் கூடாது. ஒரு சிட்டிகை ஈஸ்ட் சத்துப்பொடி போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். கொதிக்கத் தொடங்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். மால்ட் நுரை பால் மாதிரிச் சட்டென்று பொங்கி அடுப்பெல்லாம் ஒட்டிக்கொள்ளும். பிறகு பனிக்கட்டித் தண்ணீரில் பாத்திரத்தை வைத்து 22 டிகிரி செல்சியஸ் வரை ஆற்றி, சானிடைசரில் நனைத்த கண்ணாடிக் குடுவையில் ஊற்றுங்கள். பாக்கெட்டின் வாயையும் வெட்டப்போகும் கத்தரிக்கோலையும் சானிடைசரால் துடைத்துவிட்டு ஈஸ்டைச் சேருங்கள். வாயை அலுமினியத் தாளால் தளர்வாக மூடினால் போதும். வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக் வேண்டாம், இந்தக் கட்டத்தில் ஈஸ்டுக்குக் காற்று உள்ளே வர வேண்டும்.

குடுவைக்குள் காந்தத்தைச் சுழற்றிக் கலக்கும் ஸ்டிர் ப்ளேட் இருந்தால் அதில் சுழல விடுங்கள். 100 கிராம் மால்ட்டில் புதிதாக 12,000 முதல் 14,000 கோடி செல் வரை பெருகும். பழையதோடு சேர்த்துக் கணக்குச் சரியாக வந்துவிடும். ஸ்டிர் ப்ளேட் இல்லையென்றால் போகும்போதும் வரும்போதும் குடுவையை நன்றாகக் குலுக்குங்கள். பெருக்கம் பாதியளவுக்குக் குறையும் என்பதால் இரண்டு லிட்டராகச் செய்துகொள்ளுங்கள். குடுவையைக் கவனித்துப் பாருங்கள். முதல் சில மணி நேரம் தெளிந்த தேநீர் மாதிரி இருக்கும். பிறகு கலங்கும், ஒரு கட்டத்தில் மோர் நிறத்துக்கு வந்துவிடும். குலுக்கினால் நுரை எழும்பி மூடியைத் தொடும். மோந்து பார்த்தால் ரொட்டி மாவு வாசனை, கொஞ்சம் கந்தகம், வைசென் ஈஸ்ட் என்றால் லேசாக வாழைப்பழம். இதெல்லாம் நலம். காடி வாசனையோ, அழுகின இறைச்சி வாசனையோ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். 24 மணி நேரம் ஆகியும் ஒன்றும் அசையவில்லை என்றாலும் அந்தப் பாக்கெட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பல இடங்களில் ஸ்டார்ட்டரை ஃப்ரிட்ஜில் வைத்துப் படிய விட்டு, மேலே இருப்பதை வடித்துவிட்டு, அடியில் இருக்கும் ஈஸ்டை மட்டும் ஊற்றச் சொல்வார்கள். லாகருக்கு மூன்று நான்கு லிட்டர் ஸ்டார்ட்டர் செய்யும்போது அது நியாயம். உங்கள் விஷயத்தில் நான் அதைச் சொல்ல மாட்டேன். வைசென் ஈஸ்ட் எளிதில் படியாது, அதனால்தான் அந்தப் பியரே கலங்கலாக இருக்கிறது. ஒரே இரவு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வடித்தால் மிதந்துகொண்டிருக்கும் நல்ல செல்களையும் சேர்த்து வடித்துவிடுவீர்கள். வெள்ளிக்கிழமை மாலை ஸ்டார்ட்டரைத் தொடங்குங்கள். சனிக்கிழமை மாலை வோர்ட் ஆறியதும், நுரைத்துக்கொண்டிருக்கும் நிலையிலேயே முழுவதையும் ஊற்றிவிடுங்கள். 19 லிட்டரில் ஒரு லிட்டர் சேர்வதால் ருசியில் பெரிதாக எதுவும் தெரியாது. ஸ்டார்ட்டருக்கும் வோர்ட்டுக்கும் இடையே வெப்பநிலை வித்தியாசம் ஐந்து டிகிரிக்கு மேல் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டுச் சமையலறைக்கென்றே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். இட்லி மாவு புளிப்பது பெரும்பாலும் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்களால். தயிரும் அப்படியே. கரண்டியிலும் மேடையிலும் கைத்துணியிலும் அவை எப்போதும் இருக்கும். பியரில் போடும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு இவற்றில் பலவற்றைத் தடுத்துவிடும். ஆனால் ஸ்டார்ட்டரில் ஹாப்ஸே கிடையாது, ஹெஃபெவைசெனிலும் கசப்பு மிகக் குறைவு, வழக்கமாக 8 முதல் 15 ஐ.பி.யு. (கசப்பை அளக்கும் அலகு) மட்டும். எனவே மாவு அரைத்து வைத்திருக்கும் நாளில் அதே மேடையில் ஸ்டார்ட்டர் ஊற்றாதீர்கள். மாவுக்கும் தயிருக்கும் போடும் கரண்டி, புனல் எதுவும் இந்தப் பக்கம் வரக்கூடாது. மால்ட் தானியத்தை வீட்டில் அரைப்பதாக இருந்தால் அந்தத் தூசியிலும் இதே பாக்டீரியாக் கூட்டம் உண்டு, அதை வேறு அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்ஸிஜனும் கணக்கில் வர வேண்டும். ஈஸ்ட் பெருகும்போது புதுச் செல்லின் சவ்வுக்கு ஸ்டெரால், நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் இரண்டும் தேவை. அவற்றை உண்டாக்க ஆக்ஸிஜன் வேண்டும். உலர் ஈஸ்டை ஆலையில் ஏராளமான காற்றோடு வளர்த்து, அந்தச் சேமிப்போடுதான் உலர்த்துகிறார்கள். அதனால் முதல் தடவைக்குக் காற்றேற்ற அவசியமில்லை என்று அதன் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். இதுவரை நீங்கள் காற்றைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். திரவ ஈஸ்டுக்கு மாறும்போது பழைய பழக்கம் உதவாது. ஆறிய வோர்ட்டை நொதிக்க வைக்கும் பாத்திரமான ஃபெர்மென்டரில் ஊற்றியதும் சில நிமிடம் பலமாகக் குலுக்குங்கள். சாதாரணக் காற்றால் லிட்டருக்கு 8 மில்லிகிராம் வரை ஆக்ஸிஜன் கரையும். இந்தக் கிராவிட்டிக்கு அது போதும், ஆக்ஸிஜன் சிலிண்டர் வாங்க வேண்டியதில்லை. வோர்ட் சூடாக இருக்கும்போது குலுக்காதீர்கள்.

இப்போது நண்பரின் பேச்சுக்கு வருவோம். திரவ ஈஸ்ட் உயர்ந்தது, உலர் ஈஸ்ட் மட்டம் என்ற எண்ணம் எண்பதுகளில் கிட்டோடு வந்த பழைய உலர் பாக்கெட்டுகள் உண்டாக்கியது. அந்தக் காலத்துச் சரக்கு சுத்தமாக இருக்காது, எந்த வகை என்றும் தெரியாது. ஆரிகனில் 1986-ல் வையீஸ்ட் நிறுவனமும், சான் டியேகோவில் 1995-ல் ஒயிட் லேப்ஸும் தொடங்கிய பிறகுதான், பெரிய ப்ரூவரிகள் வைத்திருந்த தூய வகைகள் வீட்டில் காய்ச்சுபவர் கைக்குத் தாராளமாக வந்தன. ஒரே ஒரு செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்க்கும் வேலையைக் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-லேயே செய்து காட்டிவிட்டார். கார்ல்ஸ்பெர்க் அதைத் தனக்கென்று பூட்டி வைக்காமல் மற்ற ப்ரூவரிகளுக்கும் கொடுத்தது. அந்தப் பெருந்தன்மை இல்லாவிட்டால் இன்று லாகர் உலகமே வேறு மாதிரி இருந்திருக்கும். வீட்டுக்கு அந்தத் தூய்மை வந்து சேர நூறு வருடம் ஆனது.

இன்று உலர் ஈஸ்டின் தரத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில். ஈஸ்டை உலர்த்தும்போது செல்லின் சவ்வு சுருங்கும், எல்லா வகையும் அதைத் தாங்காது. தாங்குகிறவை மட்டும் உலர் வடிவில் வருகின்றன. அதனால் திரவத்தில் நூற்றுக்கணக்கான வகைகள் கிடைக்கும்போது, உலரில் சில டஜன்தான். நீங்கள் திரவ ஈஸ்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு இந்தத் தேர்வுக்கான காசு. பேல் ஏல் போன்ற சுத்தமான ருசிக்கு யு.எஸ்-05 என்ற உலர் ஈஸ்ட் போதும். கலிஃபோர்னியாவின் சிக்கோ நகரத்து வகை என்று சொல்லப்படும் திரவ ஈஸ்டுகளுக்கு அது மிக நெருக்கமான உறவு. முன்னால் வைத்தால் எது எது என்று பிரித்துச் சொல்வது எனக்கே கடினம். லாகருக்கு டபிள்யூ-34/70 என்ற ஈஸ்ட் உலர் வடிவில் வருகிறது. அதில் இரண்டு பாக்கெட் தூவுவது, நான்கு லிட்டர் ஸ்டார்ட்டர் செய்வதைவிட எவ்வளவோ எளிது. இந்த இரண்டு பியருக்கும் உங்கள் நண்பர் சொல்வது சரி.

ஹெஃபெவைசெனுக்குச் சரியில்லை. அந்தப் பியரின் வாழைப்பழ வாசனை ஐசோஅமைல் அசிடேட், கிராம்பு வாசனை 4-வினைல் குவாயகால். இரண்டையும் உண்டாக்குவது ஈஸ்ட்தான், மால்ட்டும் ஹாப்ஸும் அங்கே துணைப்பாத்திரங்கள். ஈஸ்ட் மாறினால் பியரே மாறிவிடும். கோதுமை பியருக்கென்று விற்கும் உலர் டபிள்யூ.பி-06 நல்ல ஈஸ்ட்தான், ஆனால் அது வறண்டு முடியும், ஜெர்மனியின் பவேரியாவில் கிடைக்கும் அந்த முழுமையான வாழைப்பழம் அதில் குறைவு. வையீஸ்ட் 3068, ஒயிட் லேப்ஸின் 300 ஆகியவை பவேரியாவின் வைஹென்ஸ்டெஃபான் ப்ரூவரிப் பாரம்பரியத்தைச் சேர்ந்தவை. உலர் வடிவில் மியூனிக் கிளாசிக் என்ற ஈஸ்ட் அந்த ருசிக்குப் பக்கத்தில் வருகிறது, அதையும் ஒருமுறை முயன்று பாருங்கள். ஆனால் இந்தப் பியரை முதல் தடவை செய்கிறவருக்கு என் தேர்வு திரவம்தான்.

வாழைப்பழம் வேண்டும் என்பதற்காக ஈஸ்டை வேண்டுமென்றே குறைத்துப் போடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். இது இன்னும் தீராத வழக்கு. குறைவாகப் போட்டால் பெருக்கம் அதிகம், அதனால் எஸ்டரும் (வாழைப்பழம் போன்ற பழ வாசனைப் பொருள்) அதிகம் என்கிறது ஒரு பக்கம். பெருக்கத்துக்கும் எஸ்டருக்கும் ஒரே மூலப்பொருள்தான், அது பெருக்கத்துக்குச் செலவானால் எஸ்டர் குறையும் என்கிறது மறுபக்கம். வகையைப் பொறுத்து இரண்டும் நடக்கிறது. கொஞ்சம் குறைந்தால் கேடில்லை, 12,000 கோடி இருந்தாலும் உங்கள் பியர் நன்றாக வரும். ஆனால் இரண்டரை மாதப் பாக்கெட்டை அப்படியே ஊற்றுவது திட்டமிட்டுக் குறைப்பது ஆகாது, அது எவ்வளவு என்று தெரியாமல் குறைப்பது. வெப்பநிலையின் பங்கு இதைவிடத் தெளிவானது. 17-18 டிகிரியில் வைத்தால் வாழையும் கிராம்பும் சமமாக வரும், 22-ஐத் தாண்டினால் வாழை மேலோங்கும். நொதிக்கும்போது உள்ளே வெப்பம் பிறக்கும் என்பதால் அறையின் வெப்பநிலையைவிட ஃபெர்மென்டர் சில டிகிரி கூடுதலாக இருக்கும். அதனால் வெப்பமானிப் பட்டையை ஃபெர்மென்டரின் மேலேயே ஒட்டுங்கள். கிராம்பு தூக்கலாக வேண்டும், தானியத்திலிருந்தே காய்ச்சுகிறீர்கள் என்றால் மாஷை (வெந்நீரில் ஊறும் தானியக் கலவை) முதலில் 43-45 டிகிரியில் கால் மணி நேரம் நிறுத்துங்கள். அதில் ஃபெருலிக் அமிலம் வெளிவரும், ஈஸ்ட் அதைத்தான் கிராம்பு வாசனையாக மாற்றுகிறது. எக்ஸ்ட்ராக்டில் செய்பவர்களுக்கு இந்த வசதி இல்லை.

இன்னொரு எச்சரிக்கை, இந்த ஈஸ்ட் நுரைக்கிற வேகம் உலர் ஈஸ்டுக்குப் பழகினவர்களைத் திகைக்க வைக்கும். ஃபெர்மென்டரில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். முதல் மூன்று நாள் ஏர்லாக்குக்குப் பதில் தடித்த குழாயை மாட்டி, மறுமுனையைச் சானிடைசர் உள்ள வாளியில் விடுங்கள். அழுகின முட்டை மாதிரிக் கந்தக வாசனை வந்தால் பயப்படாதீர்கள், இந்த வகைக்கு அது இயல்பு, தானாகவே போய்விடும்.

நொதித்து முடிந்ததும் அந்த ஈஸ்டை எடுத்து வைத்தீர்களானால் திரவ ஈஸ்டின் விலையே பிரச்சினையில்லாமல் போய்விடும். அடியில் படிந்த கூழை, சுத்தம் செய்த ஜாடியில் எடுத்து, மூடியை இறுக்காமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் அடுத்த பியருக்குப் போட்டால் ஸ்டார்ட்டர்கூட வேண்டாம். கெட்டியான கூழில் மில்லிக்கு சுமார் 100 கோடி செல் இருக்கும், ஒரு தம்ளர் தாராளம். இப்படி நான்கைந்து சுற்று வரை கவலையில்லாமல் போகலாம். அதிக ஆல்கஹால் உள்ள பியரிலிருந்தோ நிறைய ஹாப்ஸ் போட்டதிலிருந்தோ எடுக்காதீர்கள், அந்த ஈஸ்ட் களைத்துப் போயிருக்கும். ஜாடியைத் திறக்கும்போது வாசனை பிடிக்கவில்லை என்றால் கொட்டிவிடுங்கள்.

அமெரிக்காவில் 1978-ல் வந்த சட்டப்படி வீட்டில் சொந்த உபயோகத்துக்கு, தனி ஆளாக இருந்தால் வருடம் 100 கேலன், பெரியவர்கள் இருவராவது இருக்கும் வீட்டில் 200 கேலன் வரை காய்ச்சலாம், விற்கக்கூடாது. இதைத் தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்கள் கவனிக்க வேண்டும், அங்கே உரிமமில்லாமல் வீட்டில் பியர் காய்ச்சுவது குற்றம்.

பாட்டிலில் அடைப்பதற்கு நாள் பார்க்காதீர்கள், கிராவிட்டி அளக்கும் ஹைட்ரோமீட்டரைப் பாருங்கள். 1.048-ல் தொடங்கிய பியர் பொதுவாக 1.010க்கும் 1.013க்கும் இடையில் நிற்கும். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தடவை ஒரே எண் வந்தால் முடிந்தது என்று அர்த்தம். 1.020-லேயே நின்றுவிட்டால் உடனே அடைக்காதீர்கள், 21 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஃபெர்மென்டரை மெதுவாகச் சுழற்றி ஈஸ்டை எழுப்பிவிட்டு ஒரு வாரம் பொறுங்கள். ஹெஃபெவைசெனுக்குக் காற்றழுத்தம் மற்ற பியர்களைவிட அதிகம் வேண்டும் என்பதால் சர்க்கரையும் கூடுதலாகப் போடுவோம். மெல்லிய பாட்டில் அதைத் தாங்காது, கோதுமை பியர் வந்த தடித்த அரை லிட்டர் பாட்டில்களைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை ஸ்டார்ட்டர் மோர் நிறத்துக்கு வரவில்லை என்றால் சனிக்கிழமை காலையிலேயே இங்கே எழுதுங்கள். சிகாகோவில் கடை திறந்திருக்கும், மாற்றுப் பாக்கெட் எது வாங்கலாம் என்று சொல்கிறேன்.